ஊருக்கு ஊர் வேறா?

"ஒவ்வொரு ஊரும் ஒரு மாதிரி. குழந்தைகள் நலப் பணியில் பொது நடைமுறை என்பதே மேலிருந்து திணிப்பது, களப்பணியாளரின் அனுபவம் போதும்" என்கிறார்கள். அனுபவத்தை நான் மறுக்கவில்லை. மீதி எதுவும் நிற்காது.

ஒன்று. வேறுபாடு எதில்? உலக சுகாதார நிறுவனத்தின் 2006 வளர்ச்சி அளவுகோலுக்காக இந்தியா, கானா, நார்வே உள்ளிட்ட ஆறு நாட்டுக் குழந்தைகளை அளந்தார்கள். ஊட்டமும் பராமரிப்பும் சரியாக இருந்தால் ஐந்து வயதுவரை வளர்ச்சி ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டு வயதுப் பிள்ளையின் மேல்கைச் சுற்றளவு 11.5 செ.மீ.க்குக் கீழே போனால் தர்மபுரியிலும் ஆபத்து, தாம்பரத்திலும் ஆபத்து.

இரண்டு. பெற்றோருடன் செங்கல் சூளைக்குப் போகிற பிள்ளையைப் பாருங்கள். சொந்த ஊர் அங்கன்வாடியில் குறித்த எடை கூடவே போகாவிட்டால், சூளைக்குப் பக்கத்து மையத்தில் அது இளைத்திருப்பதை எதை வைத்துக் கண்டுபிடிப்பது? முதல்முறை பார்க்கிறவரின் அனுபவத்தை வைத்தா?

மூன்று. திணிப்பாம்! மீட்கப்பட்ட குழந்தையை, பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுமுன் நிறுத்தச் சொல்கிறது 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். இதையும் ஊருக்கு ஊர் மாற்றலாமா?

நடைமுறையை எழுதும்போது களப்பணியாளரைக் கூப்பிடவில்லை என்பது புகாரானால், அது நியாயம். அதைச் சொல்லுங்கள். கூப்பிடாததற்காக நடைமுறையே வேண்டாம் என்பது எந்த ஊர் வழக்கு?