'மாப்' என்ற சொல்லுக்கும் உங்கள் மொபைலுக்கும் என்ன சம்பந்தம்?

ஆவேசமாகத் திரளும் கும்பலை ஆங்கிலத்தில் 'மாப்' என்பார்கள். தரை துடைக்கிற மாப் இல்லைங்க. 'மாப் லிஞ்சிங்' என்று செய்திகளில் அடிபடுகிற மாப். இன்று அகராதியில் ஜம்முன்னு உட்கார்ந்திருக்கும் இந்தச் சொல், ஒரு காலத்தில் படித்தவர்கள் முகம் சுளித்த கொச்சைச் சொல்.

லத்தீனில் இருந்து வந்த வசவு

இதன் வேர் 'மோபிலே வுல்குஸ்' என்ற லத்தீன் தொடர். இன்று ஒரு பக்கம், நாளை மறுபக்கம் சாயும் ஜனக்கூட்டம் என்று பொருள். 17-ம் நூற்றாண்டு இங்கிலாந்தில் லத்தீன் படித்த மேல்தட்டினர், சாதாரண மக்களை இப்படி இளக்காரமாகக் குறிப்பிட்டார்கள். முழுசா சொல்ல யாருக்குப் பொறுமை? முதலில் 'மோபிலே' மட்டும் மிஞ்சியது. 1680-களில் அதுவும் சுருங்கி 'மாப்' ஆனது. 'நகரக்கூடிய' என்ற பொருள் கொண்ட அதே லத்தீன் சொல்தான் உங்கள் கையில் இருக்கும் மொபைலுக்கும் மூலம். 'வுல்குஸ்' கொடுத்த சொல் 'வல்கர்'.

ஸ்விஃப்ட் தோற்ற கதை

'கலிவரின் பயணங்கள்' எழுதிய ஜொனாதன் ஸ்விஃப்டுக்கு இந்தச் சுருக்கம் பிடிக்கவே இல்லை. 1710-ல் 'டாட்லர்' இதழில் 'மாப்', 'ரெப்', 'பாஸ்' போன்ற வெட்டுச் சொற்களைக் கிண்டலடித்தார். 'மாப்' பரவுவதைத் தடுக்கப் பார்த்ததாகவும், எண்ணிக்கை பலத்தில் தன்னை அமுக்கிவிட்டார்கள் என்றும் புலம்பினார். அதாவது, 'மாப்' என்ற சொல்லுக்காகக் கூட்டத்திடமே தோற்றார்! 1712-ல் ஆங்கிலத்தைச் சீர்படுத்த ஓர் அமைப்பு வேண்டும் என்று எழுதினார். அது அமையவே இல்லை. 'பாசிட்டிவ்' சுருங்கிப் பிறந்த 'பாஸ்' தானாகவே மறைந்தது. 'மாப்' நிலைத்தது.

எதைக் கவனிக்கணும்?

இன்று 'கரிஸ்மா'வை வெட்டி 'ரிஸ்' என்கிறார்கள் இளைஞர்கள். 2023-ல் ஆக்ஸ்ஃபோர்டு அதையே ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தெடுத்தது. 'மொழியே கெட்டுப்போச்சு' என்று பதறுபவர்களுக்கு ஸ்விஃப்டின் கதையே பதில். சுருக்குவதால் மொழி சாகாது. தேவையானதைப் பேசுபவர்கள் வைத்துக்கொள்வார்கள்.

ஸ்விஃப்ட் கத்தரியைத்தான் பார்த்தார். சொல்லுக்குள் இருந்த இளக்காரத்தைப் பார்க்கவில்லை. அது இன்னும் அங்கேயே இருக்கிறது. நமக்குப் பிடித்தவர்கள் தெருவில் திரண்டால் 'மக்கள்', பிடிக்காதவர்கள் திரண்டால் 'மாப்'. ஒரு சொல் எவ்வளவு குட்டையானது என்பதைவிட, அதை யார், யாரைப் பார்த்துச் சொல்கிறார்கள் என்பதுதான் முக்கியம்.