படிக்கட்டில் பிறந்த சங்கம்

2022 மார்ச் கடைசி. நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. வெள்ளவத்தையில ஒரு தொடர்மாடியின் ஆறாம் மாடியில் நாங்கள் வாடகைக்கு இருந்தம். ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை, லிஃப்ட் நிண்டிட்டுது. அதைவிடப் பெரிய பிரச்சினை தண்ணி. மோட்டர் ஓடாட்டி மொட்டைமாடித் தாங்கிக்குத் தண்ணி ஏறாது. வருசக்கணக்கா ஒரே கட்டடத்தில் இருந்தும் பேர் தெரியாத ஆக்கள், வாளியோட படிக்கட்டில் சந்திச்சம்.

ஆர் டீசல் வரிசையில் நிக்கிறது, மூண்டாம் மாடி ஆச்சிக்கு ஆர் தண்ணி தூக்கிக் குடுக்கிறது, கரண்ட் வந்தவுடன முதல்ல மோட்டரா லிஃப்டா போடுறது எண்டெல்லாம் படிக்கட்டிலேயே கதைச்சு முடிவெடுத்தம். டீசல் காசுக் கணக்கை அம்மா தம்பியின்ர பழைய கொப்பியில் எழுதினா. சந்தேகப்படுற ஆக்கள் கதவைத் தட்டி வாங்கிப் பாப்பினம். தலைவரும் இல்லை, செயலாளரும் இல்லை. ஆனா என்னைக் கேட்டால், அந்தக் கட்டடத்தில் சங்கம் எண்டு ஒண்டு பிறந்தது அண்டைக்குத்தான்.

நிலைமை கொஞ்சம் சீரானதும் லிஃப்ட் கதவில் ஒரு அறிவித்தல் ஒட்டியிருந்தது, ஆங்கிலத்தில மட்டும். உரிமையாளர் பொதுக்கூட்டம், உரிமையாளர்கள் மட்டுமே வரலாம். கணக்குக் கொப்பியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போச்சினம். எழுதின அம்மாவைக் கூப்பிடேல்லை. அந்தக் கூட்டத்தின் முதல் தீர்மானங்களில் ஒண்டு, வாகனம் விடுற இடத்தில் பிள்ளையள் விளையாடக் கூடாது எண்டது.

"வாடகைக்கு இருக்கிறவைக்கு இதில என்ன வேலை? சட்டப்படி உரிமையாளர்தானே" எண்டு சொல்லுவினம். சரி, சட்டத்தையே பாப்பம்.

இந்தச் சட்டங்கள் வந்தது 1973இல், பீட்டர் கெனமன் எண்ட கம்யூனிஸ்ட் கட்சிக்காரர் வீடமைப்பு அமைச்சரா இருந்த காலத்தில். அந்த வருசத்து 1ஆம் இலக்கச் சட்டம், ஒருவர் எத்தனை வீடு வைத்திருக்கலாம் எண்டு வரம்பு கட்டினது. வரம்புக்கு மேற்பட்ட வீடுகளில் குடியிருந்த வாடகைக்காரர் அந்த வீடுகளையே வாங்க வழி திறந்தது. 10ஆம் இலக்கச் சட்டம் தொடர்மாடிகளின் பொது வசதிகளைப் பார்க்க ஒரு சபையை அமைத்தது. 2003ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அதுதான் கூட்டாதன முகாமைத்துவ அதிகாரசபை. 11ஆம் இலக்கச் சட்டம், மாடியில் இருக்கிற ஒரு வீட்டைத் தனி உறுதியில் சொந்தமாக வைத்திருக்க வழி செய்தது. ஒரே வருசத்தில் வந்த சட்டங்கள். ஒண்டு வாடகைக்காரருக்குக் கை குடுத்தது. மற்றது பிறகு வாடகைக்காரரை வெளியில் விடுற சாட்டாப் போச்சுது.

இன்னொரு விசயமும் இருக்கு. தொடர்மாடியின் வரைபடம் பதிவானவுடனேயே, வீட்டு உரிமையாளர் எல்லாரையும் கொண்ட முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் ஒண்டு சட்டப்படி உருவாகிவிடும். ஒருவரும் கூடி ஆரம்பிக்கத் தேவையில்லை. லிஃப்ட், தாங்கி, படிக்கட்டு, மொட்டைமாடி எல்லாத்தையும் பராமரிக்கிற பொறுப்பும், அதற்குக் காசு சேர்க்கிற அதிகாரமும் அதற்கு உண்டு. இது தெரியாமல், கட்டினவரே வருசக்கணக்கா மெயின்டனன்ஸ் காசு வாங்கிக் கணக்குக் காட்டாமல் இருக்கிறதைப் பொறுத்துக்கொண்டு கிடந்தம். உரிமையாளர் விழிச்சுக்கொண்டது நல்லது. அதை நான் மறுக்கேல்லை. ஆனா விழிச்ச கையோட கதவைச் சாத்தினதுதான் என்ர பிரச்சினை.

ஏனெண்டால் வெள்ளவத்தையில் உரிமையாளர் எண்ட ஆள் பெரும்பாலும் அந்தக் கட்டடத்தில் இல்லை. லண்டனிலையோ ஸ்கார்பரோவிலையோ இருப்பார். 2014ஆம் ஆண்டின் காணிச் சட்டம் வெளிநாட்டுக் குடியுரிமைக்காரருக்குக் காணி விற்கிறதைத் தடுத்தாலும், தொடர்மாடி வீடுகளுக்கு, வெளிநாட்டிலிருந்து முழுக் காசையும் கொண்டுவந்து கட்டினால், விலக்குத் தருது. வாங்கட்டும், அதில் பிழையில்லை. ஊரை விட்டு ஓடினவைக்கு ஊரில் ஒரு கதவாவது வேணும். ஆனா மூண்டு வருசத்துக்கு ஒருக்கா வாறவருக்கு வாக்கு, ஒவ்வொரு நாளும் அந்தத் தாங்கித் தண்ணி குடிக்கிறவருக்கு வாயே இல்லை எண்டால், அது என்ன சங்கம்?

"வாடகைக்காரர் இண்டைக்கு இருப்பினம், நாளைக்குப் போவினம். கட்டடம் பழுதானால் நட்டம் எங்களுக்குத்தானே?" இது நியாயமான கேள்வி. கூரை மாத்துறது, லிஃப்ட் புதுசாப் போடுறது மாதிரிப் பெரிய செலவுகளை உரிமையாளரே தீர்மானிக்கட்டும். ஆனா மாதாமாதம் மெயின்டனன்ஸ் காசு எங்கட வீட்டில கட்டினது நாங்கள்தான். காசுக்கு நாங்கள் வேணும், கணக்குக்கு வேண்டாமா? வாக்கு இல்லாட்டியும் கூட்டத்தில் ஒரு கதிரை போடலாம். கணக்கைத் தமிழிலும் சிங்களத்திலும் லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒட்டலாம். இரவிரவா வாசலில் இருக்கிற செக்கியூரிட்டி ஐயாவுக்கு ஒரு கக்கூஸ் வேணுமோ எண்டு அவரிட்டையே கேக்கலாம்.

இது வெள்ளவத்தைக் கதை மட்டும் இல்லை. 2010இல் நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் போனது. அதற்குப் பிறகு கொழும்பின் தோட்டங்களிலிருந்து எழுப்பப்பட்ட தமிழ், முஸ்லிம், சிங்களக் குடும்பங்கள் தெமட்டகொடை, வனாத்தமுல்லைப் பக்கத்து உயரக் கட்டடங்களுக்குள் ஏத்தப்பட்டினம். அங்கயும் லிஃப்ட் நிக்கும், அங்கயும் காசு கட்டவேணும். உறுதி கைக்கு வராத வரைக்கும் அவை சட்டத்தின் கண்ணில் உரிமையாளரும் இல்லை. "உரிமையாளர்கள் மட்டும்" எண்ட சொல் எங்கட லிஃப்ட் கதவில் சரியெண்டால், அங்கயும் சரியெண்டுதான் வரும். அது சரியா?

நாங்கள் இப்ப வேற கட்டடத்தில் இருக்கிறம், இதுவும் வாடகைதான். போன மாதம் லிஃப்ட் ரெண்டு நாள் நிண்டது. அம்மா புதுக் கொப்பி ஒண்டு வாங்கிக்கொண்டு வந்து படிக்கட்டில் இருந்தா.