வியர்வையிலும் சோதித்துத் தாருங்கள்



கடலோர ஊர்களிலிருந்து நமக்கு வரும் கடிதங்களில் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. "இயர்பட்ஸ் புதிதில் நன்றாக இருந்தது. இப்போது போனைச் சட்டைப்பையில் வைத்தால் கேட்கிறது, பேன்ட் பாக்கெட்டில் போட்டால் பாட்டு விட்டுவிட்டு வருகிறது. பேட்டரி போய்விட்டதா?" அப்பாவின் காது மெஷினைப் பற்றியும், கையில் கட்டும் ஸ்மார்ட் வாட்ச் பற்றியும் இதே மாதிரிப் புகார்கள். பேட்டரியில் பல நேரம் குறையே இருப்பதில்லை. உள்ளே இருக்கும் ஆன்டெனாவை உப்பு அரித்திருக்கலாம். அரிப்பு இருக்கும் இடம் வெளியே தெரியாது. கருவி ஒரேயடியாகச் செத்தும் போகாது. சிக்னல் நாளுக்கு நாள் மெலியும். தவறிய தகவலைத் திரும்பத் திரும்ப அனுப்பவேண்டி வருவதால் பேட்டரியும் சீக்கிரம் தீரும். பழி பேட்டரியின் மேல் விழுவது அதனால்தான்.

புளூடூத் 2.4 கிகாஹெர்ட்ஸில் இயங்குகிறது. அந்த அலையின் நீளம் சுமார் 12.5 செ.மீ. அதில் கால் பங்கு, அதாவது 3 செ.மீ. சொச்சம் நீளமுள்ள உலோகத் தடம் இருந்தால் ஆன்டெனா வேலை செய்யும். அதை மடித்து, வளைத்து, கருவியின் பிளாஸ்டிக் ஓட்டுக்குள்ளேயே அடக்கிவிடுகிறார்கள். பரவலாக இருக்கும் ஒரு முறையில், ஓட்டின் சுவரில் லேசர் ஒளியால் பாதை வரைந்து, அந்தப் பாதையில் மட்டும் செம்பு படியச் செய்கிறார்கள். செம்பின் தடிமன் 10 மைக்ரான் அளவில் இருக்கும். அதன்மேல் நிக்கல், அதற்கும் மேல் மிக மெல்லிய தங்கப் பூச்சு.

பழுது பார்ப்பவர் ஒருவரின் மேசையில் பிரித்து வைத்திருந்த இயர்பட் ஒன்றைப் பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பென்சில் கோட்டின் அகலத்தில் பொன்னிறத் தடம் ஒன்று காம்பின் உட்சுவரில் வளைந்து இறங்கியது. அதன் முனையில், சர்க்யூட் போர்டிலிருந்து எழும்பி நிற்கும் குட்டி ஸ்பிரிங் ஒன்று வந்து தொடுகிறது. ரேடியோ சிப்பும் ஆன்டெனாவும் சந்திக்கும் ஒரே இடம் அதுதான். அந்த ஸ்பிரிங் தொடும் இடத்தைச் சுற்றிக் குண்டூசித் தலை அளவுக்குப் பச்சைக் களிம்பு. மற்ற இடமெல்லாம் பளபளவென்று இருந்தது. அந்த ஒரு பொட்டு போதும், கருவி கெட.

தங்கம் பூசியும் ஏன் அரிக்கிறது என்று கேட்பீர்கள். தங்கப் பூச்சு மெலிதாக இருக்கும்போது அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருக்கும். உப்புநீர் அந்தத் துளை வழியே இறங்கி, தங்கத்தையும் அடியிலுள்ள நிக்கலையும் செம்பையும் சேர்த்து நனைத்துவிட்டால் அங்கே ஒரு குட்டி மின்கலம் உருவாகிவிடும். அதில் தங்கத்துக்கு ஒன்றும் ஆகாது. அடியிலுள்ள உலோகம்தான் கரையும், அதுவும் தங்கம் இல்லாதிருந்தால் கரைவதைவிட வேகமாக. இன்னொரு சங்கடமும் உண்டு. இவ்வளவு உயர்ந்த அதிர்வெண்ணில் மின்னோட்டம் உலோகத்தின் நடுவே ஓடாது, மேல்தோலில்தான் ஓடும். செம்பு என்றால் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஏறத்தாழ 1.3 மைக்ரான் ஆழத்துக்குள் பெரும்பகுதி அடங்கிவிடும். அரிப்பு முதலில் கைவைப்பதும் அந்த மேல்தோலில்தான்.

வியர்வை என்பது வெறும் தண்ணீர் இல்லை. உப்பு, லாக்டிக் அமிலம், யூரியா எல்லாம் கலந்தது. உலர்ந்துவிட்டால் கவலையில்லை என்று நினைக்கிறோம், நம் ஊரில் அது சரிவராது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால், காய்ந்த சமையல் உப்பு காற்றிலிருந்து தானே நீரை இழுத்துக் கரைந்துவிடும். மழைக்காலத்தில் அடுப்படி உப்பு ஜாடி கசிவது இதனால்தான். கடலோரத்தில் பல இரவுகளில் ஈரப்பதம் இந்த அளவைத் தாண்டுகிறது. மாலை நடையில் சுரந்த வியர்வை இரவில் மேசை டிராயருக்குள் மறுபடியும் உப்புநீராகி வேலையைத் தொடர்கிறது.

காப்பு இல்லாமல் இல்லை. நிக்கலைத் தடிப்பாக்கலாம், தடத்தை வார்னிஷ் அடித்து மூடலாம். எனக்கு மிகவும் பிடித்தது பாரிலீன் பூச்சு. 1947இல் மான்செஸ்டரில் மைக்கேல் ஸ்வார்க் கண்டறிந்த பொருள் இது. பின்னர் யூனியன் கார்பைடில் வில்லியம் கோரம் இதைப் பூசும் முறையைச் செம்மைப்படுத்தினார். தூளை வெற்றிடத்தில் ஆவியாக்கி, கடுஞ்சூட்டில் மூலக்கூறைப் பிளந்து, அறை வெப்பத்தில் இருக்கும் பொருளின்மேல் படியவிடுகிறார்கள். ஆவியாகப் படிவதால் மூலை முடுக்கு, ஸ்பிரிங்கின் அடி என எங்கும் ஒரே சீராகப் போய்ச் சேரும். உடலுக்குள் பொருத்தும் மருத்துவக் கருவிகளுக்கும் இதைப் பூசுகிறார்கள். ஆன்டெனாவின் மேல் எதைப் பூசினாலும் அதன் அலைவரிசை சற்று நகரும், ஆனால் சில மைக்ரான் தடிமனுக்கு அந்த நகர்வு மிகச் சிறியது, முன்கூட்டியே கணக்கில் சேர்த்துவிடலாம். ஸ்பிரிங் தொடும் இடத்தை மட்டும் பூசாமல் விட்டாக வேண்டும், இல்லாவிட்டால் மின்தொடர்பே கிடைக்காது. பூச்சு முடிந்து வெற்று உலோகம் தொடங்கும் அந்த ஓரத்தில்தான் தொழிற்சாலையின் கவனம் இருக்க வேண்டும். நான் பார்த்த பச்சைப் பொட்டு அந்த இடத்தில்தான் இருந்தது.

காது மெஷின்களின் பாடு இன்னும் கடினம். அவற்றில் பலவற்றுக்கு ஜிங்க்-ஏர் பேட்டரி, அது காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுத்துத்தான் மின்சாரம் தரும். அதனால் கருவியை முழுக்க அடைக்க முடியாது. காற்று போகும் வழியில் ஈரமும் போகும். காதுக்குப் பின்னால் வழியும் வியர்வைக்கு நேர்கீழேதான் கருவி உட்கார்ந்திருக்கிறது.

பெட்டியில் "ஐபி67" என்று போட்டிருப்பதை நம்பி வாங்குகிறோம். அதிலுள்ள தண்ணீர்ச் சோதனை 1 மீட்டர் ஆழத்தில், 30 நிமிடம், நல்ல தண்ணீரில் நடப்பது. தண்ணீர் உள்ளே புகுந்து கெடுக்கிறதா என்பதை மட்டும்தான் அது சொல்லும், அரிப்பைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. அரிப்புக்கு வேறு சோதனைகள் இருக்கின்றன: 35 டிகிரியில் 5 சதவீத உப்புக் கரைசலைப் பனிபோலத் தெளிப்பது, செயற்கை வியர்வையில் ஊறவைப்பது. உடலில் அணியும் ஒவ்வொரு கருவிக்கும் இவற்றை நடத்தி, முடிவைப் பெட்டியில் அச்சிட வேண்டும் என்பது இந்தப் பத்திரிகையின் கோரிக்கை. சோதனைக்குப் பின் கண்ணால் பார்த்து 'கறையில்லை' என்று எழுதுவதும் போதாது, சிக்னல் எவ்வளவு குறைந்தது என்று அளந்து சொல்ல வேண்டும். அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் எழுந்த காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு, மண்டபத்தின் கடற்காற்றில் உலோகங்களை நிறுத்திவைத்து அரிப்பை ஆராய்ந்த அனுபவம் உள்ளது. இந்தச் சோதனைகளுக்குத் தேவையான அறிவு நம் பக்கத்திலேயே இருக்கிறது.

அதுவரை நாம் செய்யக்கூடியது: வியர்வை பட்ட கருவியை, நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியால் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் ஒற்றி, நன்றாகக் காய்ந்த பிறகே சார்ஜில் போடுங்கள். ஈரத்தோடு மின்சாரம் பாய்ந்தால் சார்ஜ் முனைகள் வெகுவேகமாக அரிக்கும். சோப்பு வேண்டாம், அது நீர் புகாத் துளைகளிலும் தண்ணீரை நுழையவிடும். காது மெஷினை இரவில் பேட்டரியை எடுத்துவிட்டு, சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வையுங்கள். பேட்டரியை அதற்குள் போடாதீர்கள், அது வறண்டுவிடும்.

உங்கள் கருவி கெட்டுப் பிரித்துப் பார்க்க நேர்ந்தால், எந்த ஊர், எந்த இடத்தில் களிம்பு, எத்தனை மாதம் உழைத்தது என்று ஒரு வரி எழுதுங்கள், படமும் அனுப்புங்கள். வருகிறவற்றைத் தொகுத்துத் தயாரிப்பாளர்களுக்கு அனுப்பி, அவர்கள் தரும் பதிலை இதே பக்கத்தில் வெளியிடுகிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்