காலையில் 98... நடுராத்திரியில் எவ்வளவு?

கொரோனா நேரத்தில் வாங்கிய பல்ஸ் ஆக்சிமீட்டர் இன்னும் பல வீடுகளில் ஏதோ ஒரு டிராயரில் கிடக்கும். அப்பா ஊரே கேட்கிற மாதிரி குறட்டை விடுகிறார், பகலில் பேப்பர் படிக்கும்போதே தூங்கி விழுகிறார் என்றால், காலையில் அதைத் தேடி எடுத்து விரலில் மாட்டுகிறோம். 98 காட்டுகிறது. ‘நல்லாத்தானே இருக்கு’ என்று விட்டுவிடுகிறோம். ஸ்லீப் ஆப்னியா விஷயத்தில் பலரும் ஏமாறுவது இங்கேதான்!

தூங்கும்போதுதான் பிரச்னை

ஸ்லீப் ஆப்னியா உள்ளவருக்கும் விழித்திருக்கும்போது ஆக்சிஜன் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். தூங்கியதும் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை அடைபடும். 10 நொடியோ அதற்கு மேலோ மூச்சு நிற்கும். ஆக்சிஜன் இறங்கியதும் மூளை உசுப்பிவிட, பெரிய சத்தத்தோடு மூச்சு திரும்பும். மூச்சு நிற்பதும் குறைவதும் மணிக்கு 30 முறை அல்லது அதற்கு மேல் என்றால் தீவிர நிலை. தூங்குபவருக்கு இது தெரியவே தெரியாது.

‘டிஸ்கோ டான்ஸர்’ இசையமைப்பாளர் பப்பி லஹிரி 2022 பிப்ரவரியில் 69 வயதில் மறைந்தபோது, மருத்துவர்கள் சொன்ன காரணங்களில் ஸ்லீப் ஆப்னியாவும் ஒன்று.

ஆக்சிஜன் மெஷின் போதாதா?

போதாது. பாதையே மூடியிருந்தால் ஆக்சிஜன் எப்படி உள்ளே போகும்? காற்றழுத்தத்தால் பாதையைத் திறந்து வைப்பது சி-பாப் மெஷின். இதை 1981-ல் உலகுக்குச் சொன்னவர் சிட்னி மருத்துவர் காலின் சல்லிவன். அன்றைய மாஸ்க்கை ராத்திரிக்கு ராத்திரி பசை போட்டு முகத்தில் ஒட்ட வேண்டியிருந்தது. இன்று மூக்கின் நுனியில் நிற்பது, மூக்கை மூடுவது, வாயையும் சேர்த்து மூடுவது என்று பல வகை உண்டு. ஆனாலும் ‘மூச்சு முட்டுது’ என்று பத்து நாளில் பீரோவுக்குள் வைத்துவிடுபவர்கள் இருக்கிறார்கள். பீரோவில் இருக்கும் மாஸ்க் யாருக்கும் மூச்சு கொடுக்காது.

மாஸ்க் ஒத்துவர...

* பட்டையை உட்கார்ந்துகொண்டு சரிசெய்யாதீர்கள். மெஷினை ஓடவிட்டு, படுத்தபடி சரிசெய்யுங்கள். இறுக்கினால் கசிவு நிற்கும் என்பது தப்பு. அதிகம் இறுக்கினால் மூக்குத்தண்டு புண்ணாகும், கசிவும் கூடலாம்.
* அடர்ந்த மீசை, தாடி, மூக்குத்தி இருந்தால் மாஸ்க் வாங்கும்போதே சொல்லுங்கள். கசிவு அங்கிருந்தும் வரும்.
* முகத்தில் எண்ணெய், கிரீம் இருந்தால் மாஸ்க் வழுக்கும். முகம் கழுவிவிட்டு மாட்டுங்கள். சிலிக்கான் பகுதியைத் தினமும் மென்மையான சோப்பு நீரில் கழுவி உலர்த்துங்கள்.
* ஈரப்பதம் தரும் தொட்டியில் போர் தண்ணீர் வேண்டாம், உப்பு படியும். டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுங்கள்.
* வாய் காய்ந்தால், வாய் திறந்து தூங்குகிறீர்கள் என்று அர்த்தமாக இருக்கலாம். மாஸ்க் வகையை மாற்றலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.
* முதல் வாரம் பகலில் டி.வி. பார்க்கும்போது அரை மணி நேரம் போட்டுப் பழகுங்கள்.

எதைக் கவனிப்பது?

பெரும்பாலான மெஷின்களில் மூன்று கணக்கு கிடைக்கும்: எத்தனை மணி நேரம் போட்டீர்கள், எவ்வளவு கசிந்தது, மணிக்கு எத்தனை முறை மூச்சு தடைபட்டது. கடைசி எண் 5-க்குக் கீழே இருந்தால் நல்லது. ஆக்சிஜனைப் பார்க்க வேண்டும் என்றால், இரவு முழுக்கப் பதிவுசெய்யும் ஆக்சிமீட்டர் தேவை. மாஸ்க் போட்டும் அடிக்கடி 90-க்குக் கீழே போனால் டாக்டரிடம் காட்டுங்கள். நெயில் பாலிஷ், குளிர்ந்த விரல் இருந்தால் அளவு தப்பலாம். கறுத்த சருமத்தில் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டலாம் என்றும் ஆய்வுகள் சொல்கின்றன. எனவே, ஒற்றை எண்ணை நம்பி மாஸ்க்கைக் கழற்றிவிடாதீர்கள்.

கரன்ட் போனால்?

2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது நம் புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமங்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்ததை மறக்க முடியுமா? உங்கள் இன்வெர்ட்டர் மெஷினுக்குப் பொருந்துமா என்று இப்போதே கேட்டு வையுங்கள். மெஷின் இல்லாத இரவில் ஒருக்களித்துப் படுங்கள், தலைப்பக்கத்தை உயர்த்துங்கள், மதுவைத் தொடாதீர்கள்.

வீட்டில் யாராவது குறட்டையின் நடுவே திடீரென மௌனமாகிறாரா? இன்று ராத்திரி அந்த மௌனத்தின் நொடிகளை எண்ணிப் பாருங்கள். 10-ஐத் தாண்டினால், அதை டாக்டரிடம் சொல்லுங்கள். தூங்குகிறவரால் சொல்ல முடியாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும்.