நடுவில் இருக்கும் 118 படங்கள்

"அக்கா, எல்லாரும் ஸ்கேட்டிங் போற மாதிரி வழுக்கிட்டே போறாங்க."

நான் செய்த முதல் அனிமேஷனைப் பார்த்துவிட்டு எங்கள் பகுதி இரவுப் பாடசாலையில் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் சொன்னது இது. மகாத் போராட்டம் பற்றிய ஒன்றரை நிமிடப் படம். ஆய்வேட்டை ஓரமாக வைத்துவிட்டு மூன்று வாரம் இரவில் உட்கார்ந்து செய்தது. பக்கத்தில் இருந்த சிறுமி அடுத்த கேள்வியைப் போட்டாள்: "போனாங்க, தண்ணி குடிச்சாங்க. அவ்ளோதானா? யாருமே தடுக்கலையா?"

இரண்டு பேர் கண்டுபிடித்ததும் ஒரே தவறைத்தான். அது புரிய எனக்கு இன்னும் சில நாட்கள் ஆனது.

இதைக் கற்றுக்கொள்ளலாம் என்று முதலில் ஒரு பயிற்சி மையத்துக்குத்தான் போனேன். கட்டணத்தைக் கேட்டதும் தலை சுற்றியது. அதைவிட அங்கிருந்தவர் சொன்ன ஒரு வாக்கியம் மறக்கவில்லை: "இதுக்கெல்லாம் ரத்தத்துலயே கலை இருக்கணும் மேடம்." ரத்தத்தில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று அளந்து சொல்பவர்களை நாம் காலம்காலமாகப் பார்த்துவருகிறோம். வெளியே வந்து, சின்ஃபிக் என்ற கட்டற்ற மென்பொருளை இறக்கிக்கொண்டேன். காசு கிடையாது, மாதச் சந்தா கிடையாது. என்னுடைய பழைய மடிக்கணினியிலும் ஓடியது.

முதல் நாள் நான் வரைந்த ஆள் அசையவே இல்லை. எங்கே நகர்த்தினாலும் முதல் நொடியிலிருந்து கடைசி நொடி வரை புது இடத்திலேயே நின்றார். அசைவைப் பதிவு செய்ய தனியாக ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் திரையைச் சுற்றி சிவப்புக் கட்டம் விழும். இது தெரியாமல் இரண்டு இரவு போனது. வழிகாட்டிகள் எல்லாம் ஆங்கிலத்தில். சொற்களைவிட, 'இதெல்லாம் நமக்கு வராது' என்று உள்ளே ஒலித்த குரல்தான் அதிகம் தடுத்தது. பொத்தான் தெரிந்த பிறகு பார்த்தால், வேலை நான் பயந்த அளவுக்குக் கடினமில்லை.

அடிப்படை இவ்வளவுதான். ஒரு நொடிக்கு 24 ஃபிரேம். ஐந்து நொடிக் காட்சிக்கு 120. தொடக்கத்தில் ஆள் எங்கே, முடிவில் எங்கே என்று இரண்டு கீஃபிரேம் கொடுத்தால் போதும். நடுவில் இருக்கும் 118 படங்களையும் கணினியே நிரப்பிவிடும். இதற்கு ட்வீனிங் என்று பெயர். முதல் முறை அது நடந்தபோது எனக்குக் கைதட்டத் தோன்றியது.

அந்த வசதியில்தான் கோளாறும் இருக்கிறது. கணினிக்குத் தெரிந்தது இரண்டு புள்ளிகள் மட்டுமே. கால் தரையில் ஊன்றுவதோ, உடம்பின் எடை மாறுவதோ, எதிரே ஆள் நின்றால் நடை தயங்குவதோ அதற்குத் தெரியாது. இரண்டு புள்ளிக்கும் நடுவே வழுக்கிக்கொண்டு போகும். பையன் பார்த்தது அதைத்தான்.

நான் கதையையும் அப்படித்தான் செய்திருந்தேன். முதல் கீஃபிரேம்: 1927 மார்ச் 20, சவுதார் குளம், அம்பேத்கர் கையில் தண்ணீர். கடைசி கீஃபிரேம்: 1950, அரசமைப்புச் சட்டம். நடுவில் எல்லாம் தானாக நடந்ததுபோல ஒரு வழுக்கல். பாடப்புத்தகமும் ஏப்ரல் 14 வாழ்த்துக் காணொளிகளும் செய்வது இதையே. அன்று தீண்டாமை இருந்தது, பிறகு சட்டம் வந்தது, இன்று இல்லை.

அந்த நடுவில் என்ன இருந்தது? பொது நீர்நிலைகளை எல்லோருக்கும் திறக்க வேண்டும் என்று எஸ்.கே. போலே கொண்டுவந்த தீர்மானத்தை 1923-இலேயே பம்பாய் சட்டமன்றம் நிறைவேற்றிவிட்டது. மகாத் நகராட்சியும் 1924-இல் ஏற்றுக்கொண்டது. காகிதத்தில் குளம் திறந்துதான் இருந்தது. ஆனாலும் 1927-இல் ஆர்.பி. மோரே போன்ற இளைஞர்கள் ஊர் ஊராக அலைந்து மாநாட்டைக் கூட்டியபோது, குளம் இருக்கும் ஊரில் வந்தவர்களின் தாகத்துக்கு 40 ரூபாய் கொடுத்துத் தண்ணீர் வாங்க வேண்டியிருந்தது. குளத்தில் இறங்கிக் குடித்த பிறகு, கோயிலுக்குள் நுழையப் போகிறார்கள் என்று வதந்தி கிளப்பி அடித்தார்கள். சாணமும் கோமியமும் கலந்த 108 குடம் ஊற்றிக் குளத்தைச் 'சுத்தம்' செய்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் நகராட்சி தன் தீர்மானத்தைத் திரும்பப் பெற்றது. டிசம்பரில் நீதிமன்றத் தடை வந்தது. இரண்டாவது மாநாட்டுக்கு நிலம் தந்தவர் ஃபத்தே கான் என்ற இஸ்லாமியர். மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது அங்கேதான். ஆதிக்கச் சாதியினரின் மேல்முறையீட்டை பம்பாய் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது 1937-இல். ஒரு வாய் தண்ணீருக்குப் பத்தாண்டு வழக்கு.

இவற்றில் ஒன்றுகூட என் படத்தில் இல்லை. "யாருமே தடுக்கலையா?" என்ற கேள்விக்குப் பதில் முழுக்க அந்த 118 படங்களுக்குள் கிடந்தது. வேங்கைவயல் மேல்நிலைத் தொட்டியில் 2022 டிசம்பரில் மலம் கலந்திருந்ததைச் செய்தியில் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். 'அப்போது தண்ணீர் குடித்தார், இப்போது எல்லாம் சரி' என்று முடியும் படத்தை அவர்கள் எப்படி நம்புவார்கள்?

அனிமேஷன் தொழிலிலும் இந்த நடுப்பகுதிக்கு ஒரு வரலாறு உண்டு. கையால் வரைந்த காலத்தில் முதன்மைப் படங்களை மூத்த கலைஞர் வரைவார். இடைப்படங்களை உதவியாளர்கள் வரைவார்கள். அமெரிக்காவின் 'தி சிம்ப்சன்ஸ்' தொடருக்கு அந்த இடைப்படங்கள் தென்கொரிய ஸ்டூடியோக்களில் வரையப்பட்டன. திரையில் அசைவு என்று நாம் பார்ப்பதில் பெரும்பகுதி அவர்கள் கை உழைப்பு. பெயர் நிற்பதோ கீஃபிரேம் போட்டவருக்கு. உழைப்பு ஒருவருடையது, பெயர் வேறொருவருடையது என்பதைச் சாதிச் சமூகத்தில் பிறந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

ஆகவே படத்தை மறுபடி செய்கிறேன். இந்த முறை தனியாக அல்ல. பிள்ளைகளே வரைகிறார்கள். நடப்பவர்களின் காலை ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்துகிறோம். 108 குடத்தையும் தனித்தனியாக வரைந்தே தீருவேன் என்கிறாள் அந்தக் கேள்வி கேட்ட சிறுமி. ஒரு நொடிக் காட்சிக்கு ஒரு மாலை முழுவதும் போகிறது. போகட்டும்.

தோழர்களிடம் இரண்டு வேண்டுகோள். ஒன்று, இந்தத் திறனை நம் படிப்பகங்களுக்கும் இரவுப் பாடசாலைகளுக்கும் கொண்டுவாருங்கள். அயோத்திதாசர் 1907-இலும் அம்பேத்கர் 1920-இலும் சொந்தமாகப் பத்திரிகை தொடங்கினார்கள். தங்கள் செய்தியை அடுத்தவர் அச்சிட்டுத் தருவார் என்று காத்திருக்கவில்லை. இன்று பிள்ளைகள் உலகைப் பார்ப்பது அசையும் படத்தில். அதைச் செய்யும் கருவி இலவசமாகக் கிடக்கிறது; தமிழில் சொல்லித்தர ஆள்தான் வேண்டும்.

இரண்டு, முடிந்த காணொளியை மட்டும் பகிராதீர்கள். திருத்தக்கூடிய மூலக் கோப்பையும், திறந்த வடிவத்தில், சேர்த்துக் கொடுங்கள். ஒரு காலத்தில் இணைய அனிமேஷன் என்றாலே ஃபிளாஷ்தான். 2020 டிசம்பர் 31-உடன் அடோபி நிறுவனம் அதற்கான ஆதரவை நிறுத்தியது. அதில் செய்தவற்றை இன்று எந்த உலாவியும் நேரடியாக ஓட்டாது. நம் நினைவுகளை ஒரு நிறுவனத்தின் பூட்டுக்குள் வைக்க வேண்டாம்.

எங்கள் படம் முடிந்ததும் கோப்புகளை அப்படியே தருகிறோம். நடுவில் நாங்கள் விட்டதை நீங்கள் வரைந்து சேருங்கள்.