புகைக்கும் ஓர் அறிவித்தல் தாருங்கள்

கார்த்திகை மழை ஓய்ந்து வாடை நிலையாக வீசத் தொடங்கினால் எங்கள் வீட்டில் நித்திரை குறைந்துவிடும். பேத்திக்கு ஏழு வயது. தொய்வு வருத்தக்காரி. சோளகக் காலம் முழுக்க ஓடி ஆடித் திரிகிற பிள்ளை, மார்கழி பிறந்ததும் இரவிரவாக எழும்பி உட்கார்ந்து மூச்சுக்குப் போராடும். நெபுலைசரைப் பிடித்தபடி விடியும்வரை இருப்பது எங்கள் வீட்டுப் பருவகால வேலையாகிவிட்டது.

மார்கழியிலும் தையிலும் மழை இல்லாத ஒரு காலையில் பருத்தித்துறைக் கரைக்குப் போய்ப் பாருங்கள். கடல் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. எட்டு மணிச் சூரியனை நேருக்கு நேர் பார்க்கலாம், கண் கூசாது. அயலட்டையில் கேட்டால் "பனி ரீச்சர், காலம் அப்பிடி" என்பார்கள். பனி என்றால் வெயில் ஏற ஏறக் கலைய வேண்டும். இது மத்தியானம் வரைக்கும் நிற்கிறது, சில நாட்களில் பின்னேரமும் போகாது. பனிக்கு மணமில்லை, இதற்குக் கருகல் மணம். தொண்டையில் அரம் போட்டு அராவுகிற காற்றைப் பனி என்று சொல்லிக்கொண்டு நாங்கள் எத்தனை வருடத்துக்கு இருமப் போகிறோம்?

2022 டிசம்பரில் வந்ததை மட்டும் ஒருவராலும் பனி என்று சொல்ல முடியவில்லை. வங்கக் கடலில் மாண்டஸ் புயல் திரண்டு தமிழ்நாட்டுக் கரையை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. அது சுழற்றி இழுத்த காற்றோடு இந்தியப் பெருநிலத்தின் அழுக்கும் சேர்ந்து எங்கள் தலைக்கு மேல் இறங்கியது. யாழ்ப்பாணம் உட்படப் பல நகரங்களில் காற்று உடல்நலத்துக்குக் கேடான நிலையில் இருப்பதாகத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அறிவித்தது. டிசம்பர் 9, வெள்ளிக்கிழமை, நாடு முழுவதும் பாடசாலைகள் மூடப்பட்டன. அன்றிரவு புயல் மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் கரையேறியது. அதே நாட்களில் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் குளிரில் விறைத்துச் செத்தன. மாட்டுக்காரர்களின் அந்த ஓலத்துக்குள் காற்றின் கதை அமுங்கிப் போனது. திங்கட்கிழமை பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். எல்லாரும் மறந்துவிட்டார்கள்.

அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஒரு நாட்டையே பள்ளிக்கூடத்தைப் பூட்ட வைத்த காற்று, அடுத்த மார்கழியிலும் அதே திசையிலிருந்துதானே வரும்? வாடை என்ன புதிதாய்ப் பிறந்த காற்றா?

ஐப்பசியில் பஞ்சாபிலும் ஹரியானாவிலும் நெல் வெட்டிய வயல்களில் தாள்களைக் கொளுத்துகிறார்கள். கங்கைச் சமவெளி முழுக்கச் செங்கற்சூளை, நிலக்கரி மின்நிலையம், வாகனம், விறகடுப்பு, குளிர்காயும் நெருப்பு. குளிர்காலத்தில் நிலத்தை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்துக் கிடக்க, அதற்கு மேலே சூடான காற்று மூடிபோல நின்றுகொள்ளும். புகை மேலெழ வழியில்லை. 2024 நவம்பரில் டெல்லியில் வளித்தரச் சுட்டெண் 490-ஐத் தாண்டியது, பள்ளிக்கூடங்களை இணையவழிக்கு மாற்றினார்கள். அந்தப் புகை அங்கேயே நிற்பதில்லை. வடகீழ்ப் பருவக்காற்று அதில் ஒரு பங்கை வங்கக் கடலுக்குத் தள்ளி, கரையோரமாகத் தெற்கே கொண்டுவருகிறது. கடலில் ஒரு தாழமுக்கம் உண்டானால் இன்னும் வேகமாக இழுத்துவரும். தீவின் வடக்கு முனையில் மலையும் மேடும் இல்லாத தட்டை நிலமாகக் கிடக்கிற எங்கள் குடாநாடு, அதை முதல் வரிசையில் நின்று வாங்குகிறது. மழை பெய்தால் கழுவிக்கொண்டு போகும். பெய்யாவிட்டால் எங்கள் நெஞ்சுக்குள்தான் படியும்.

இது நேற்றுக் கண்டுபிடித்த விசயமுமில்லை. 1999 ஜனவரி முதல் மார்ச் வரை, மாலைதீவைத் தளமாக வைத்து, பல நாட்டு விஞ்ஞானிகள் இந்து சமுத்திரத்துக்கு மேலே விமானமும் கப்பலும் கொண்டு ஆராய்ந்தார்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்த வீ. ராமநாதனும் நோபல் பரிசு பெற்ற போல் குருட்சனும் அதற்குத் தலைமை தாங்கினார்கள். நடுக்கடலில், தொழிற்சாலையும் வாகனமும் இல்லாத இடத்தில், பழுப்பு நிறப் புகைப்படலம் பரந்து கிடந்ததைக் கண்டு உலகமே திகைத்தது. அப்போது பிறந்த பிள்ளைகள் இன்றைக்குத் தகப்பனும் தாயுமாகித் தங்கள் பிள்ளைகளுக்கு நெபுலைசர் பிடிக்கிறார்கள்.

அதற்கும் ஒரு வருடம் முன்னே, 1998 ஏப்ரலில், மாலைதீவுத் தலைநகர் மாலேயில் ஒரு பிரகடனம் செய்தார்கள். இந்தியா, பாகிஸ்தான், வங்காளதேசம், நேபாளம், பூட்டான், ஈரான், மாலைதீவு, இலங்கை என்று எட்டு நாடுகள். எல்லை தாண்டிப் போகிற காற்று மாசைக் கட்டுப்படுத்தவும் தடுக்கவும் சேர்ந்து வேலை செய்வோம் என்பதுதான் அதன் சாரம். அளவெடுக்கப் பழக்கினார்கள், பயிற்சி கொடுத்தார்கள், கூட்டம் கூடினார்கள். ஆனால் ஒரு நாடு இன்னொரு நாட்டைப் பார்த்து "உன் புகை என் பிள்ளையின் நெஞ்சில் இருக்கிறது, இதற்கு நீ பொறுப்பு" என்று கேட்கும் பலம் அந்தக் கடதாசிக்கு இல்லை. அயல்வீட்டு வளவுப் புகை எங்கள் குசினிக்குள் வந்தால் வேலியில் நின்று சொல்லுகிறோமே, அந்த அளவுக்குக்கூட எங்கள் அரசாங்கம் பாக்குநீரிணையில் நின்று சொல்லி நான் கேட்டதில்லை.

தென்கிழக்காசியாவைப் பாருங்கள். சுமத்திராவிலும் கலிமந்தானிலும் காட்டையும் கரிமண்ணையும் எரித்த புகையில் சிங்கப்பூரும் மலேசியாவும் வருடக்கணக்காக மூச்சுத் திணறின. 2002-இல் ஆசியான் நாடுகள் ஒப்பந்தம் செய்தன. இந்தோனேசியா அதை ஏற்று உறுதிப்படுத்த 2014 ஆனது உண்மைதான். ஆனால் அதே 2014-இல் சிங்கப்பூர், தன் நாட்டுக்கு வெளியே நெருப்பு வைத்துத் தன் காற்றைக் கெடுக்கிற நிறுவனங்கள் மீதும் வழக்குப் போடலாம் என்று சட்டமே கொண்டுவந்தது. நான்கு மூலைக்கும் ஒரு மணித்தியாலத்தில் போய்விடக்கூடிய சிறிய தீவு, வாய் திறந்து கேட்டது. எங்களுக்கு மட்டும் ஏன் "வெளியிலிருந்து வருகுது, என்ன செய்யிறது" என்ற ஒரு வசனத்தோடு விசயம் முடிந்துவிடுகிறது?

வருகிற அறிவுரைகளும் எங்களுக்குத் தைத்த சட்டையாக இல்லை. வீட்டுக்குள் இருங்கள், ஜன்னல்களைப் பூட்டுங்கள். சரி. எங்கள் வீடுகளை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? கதவு நிலைக்கு மேலே, சுவரின் உச்சியில், கூரைக்கும் சுவருக்கும் இடையில் என்று காற்று போய்வர ஓட்டை விட்டுக் கட்டிய வீடுகள். சித்திரை வெக்கைக்கு அதுதான் எங்களைக் காப்பாற்றுவது. ஜன்னலைச் சாத்தினாலும் இந்தத் தூசுக்கு ஆயிரம் வாசல். பீ.எம். 2.5 என்று சொல்கிற அந்தத் துகள் தலைமயிரின் தடிப்பில் இருபதில் ஒரு பங்குகூட இருக்காது. மூக்கு மயிரும் சளியும் அதைத் தடுப்பதில்லை. நுரையீரலின் அடி வரைக்கும் போய் இரத்தத்திலும் கலக்கிறது. தொய்வுக்கு மட்டுமல்ல, இருதய வருத்தத்துக்கும் பாரிசவாதத்துக்கும் அது காரணமாகிறது. கொரோனா காலத்தில் தைத்த துணி முகக்கவசத்தை எடுத்துக் கட்டிக்கொண்டு பாதுகாப்பாக இருக்கிறோம் என்று நினைக்கிறவர்களைக் காண மனம் பதறுகிறது. என்.95 வகை, அதுவும் முகத்தோடு ஒட்டி நின்றால்தான் பயன். அதை நாளுக்கொன்றாக வாங்க எந்தக் கூலிக் குடும்பத்தால் முடியும்?

வீட்டுக்குள் இருக்க எல்லாராலும் முடியுமா? விடியப்புறம் நான்கு மணிக்கு வள்ளம் தள்ளுகிற மனிதரும், வெங்காயத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கிற மனிதரும், மரக்கறி ஏற்றிக்கொண்டு திருநெல்வேலிச் சந்தைக்குச் சைக்கிளில் போகிற மனிதரும் அந்தப் புகையின் அடியில்தான் போக வேண்டும். விடியற்காலையில்தான் காற்று கனத்துக் கிடக்கும். விடியற்காலையில்தான் எங்கள் ஊர் வேலைக்குப் போகும்.

இந்த பீ.எம். 2.5 துகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்ன அளவு, ஒரு நாள் சராசரியாக ஒரு கனமீற்றர் காற்றில் 15 மைக்கிரோகிராம். எங்கள் நாட்டின் 2008-ஆம் ஆண்டு வர்த்தமானி 50 வரை பொறுக்கிறது. பேத்தியின் நெஞ்சுக்கு வர்த்தமானி தெரியாது.

இனி நான் சொல்லப்போவது ஊருக்குக் கசக்கும். சொல்லாமல் விட மாட்டேன். வாடை கொண்டுவருவது ஒரு பங்கு. மிச்சத்தை நாங்களே கொளுத்துகிறோம். காலையில் எழும்பி வளவு கூட்டி, குவித்து, நெருப்பு வைப்பது இங்கே சுத்தமான வீட்டுக்காரியின் இலட்சணம். முந்தி அந்தக் குவியலில் மாவிலையும் பலா இலையும் காவோலையும் கங்குமட்டையும் இருந்தன. இன்றைக்கு அதே குவியலில் சொப்பிங் பை, யோகட் கோப்பை, பிஸ்கற் உறை, பிள்ளைகளின் பம்பர்ஸ். மழை ஈரம் காயாத குப்பை என்பதால் எரியவும் மாட்டாது, புகைந்துகொண்டே கிடக்கும். காற்று அசையாத மார்கழிக் காலையில் ஒழுங்கைக்கு ஐந்து வீட்டில் அப்படிப் புகைந்தால் அந்தப் புகை எங்கே போகும்? கல்லுண்டாய் வெளியில் கொட்டிக் கிடக்கிற குப்பை தீப்பிடித்தால் ஆனைக்கோட்டை, நவாலிச் சனம் படும் பாட்டை அவர்களிடம் கேளுங்கள்.

பக்கத்து வீட்டு மாமியிடம் ஒருநாள் கேட்டேன்.

"மாமி, பிள்ளைக்கு ஏலாமல் கிடக்கு. இதைப் பின்னேரம் தாட்டுவிட்டால் என்ன?"

"ஐயோ ரீச்சர், நுளம்புக்குத்தான் மூட்டினனான். டெங்கு வந்தால் ஆர் பாக்கிறது?"

அவவிடம் கோபப்பட என்னால் முடியவில்லை. அவவின் மகளும் டெங்குவில் ஆஸ்பத்திரியில் கிடந்து எழும்பியவள். குப்பை வண்டி கிரமமாக வராத ஒழுங்கையில், மக்கும் குப்பையைப் புதைக்க நிலமில்லாத இரண்டு பரப்புக் காணியில் அவ வேறென்ன செய்வா? 2017 செப்டெம்பரில் பிளாஸ்டிக் உள்ளிட்ட குப்பையைத் திறந்த வெளியில் எரிக்கக்கூடாது என்று வர்த்தமானி வந்தது. சட்டம் வந்தது, வண்டி வரவில்லை. வண்டி இல்லாத சட்டம் மாமியின் நெருப்பை எப்படி அணைக்கும்?

அக்காவின் மகள் ஸ்காபரோவில் இருக்கிறாள். 2023 ஜூனில் கனடாக் காடுகள் எரிந்து ரொறன்ரோ முழுக்கப் புகை மூடியபோது தினமும் பேசினோம். அவளுக்கும் கண் எரிந்தது, அவளின் மகனும் இருமினான். ஆனால் எந்த மணித்தியாலம் காற்று மோசம், எப்போது கொஞ்சம் தெளியும் என்று அவளின் தொலைபேசியிலும் தொலைக்காட்சியிலும் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். பள்ளிக்கூடங்கள் பிள்ளைகளை வெளியில் ஓடவிடாமல் உள்ளே வைத்திருந்தன. "சின்னம்மா, புகையை நிப்பாட்ட ஏலாது, ஆனால் எப்ப வெளியில போகக்கூடாதெண்டு தெரியுது" என்றாள். அந்தப் பிள்ளை டிசம்பர் விடுமுறைக்கு ஊருக்கு வந்து, நல்ல காற்றுச் சுவாசிக்கலாம் என்று மகனைக் கூட்டிவந்து, மூன்றாம் நாள் எங்கள் நெபுலைசரில் அவனையும் இருத்தினாள். அன்றைக்கு நான் பட்ட வெட்கம் கொஞ்சமல்ல. ஊர்க்காற்று என்று வாய் நிறையச் சொல்லித்தானே கூப்பிட்டோம்.

இலண்டனில் 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை புகைமூட்டம் கவிந்து ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். இறந்தவர்களின் கணக்கு வெளியே வந்தபடியால்தான் நான்கு வருடத்தில், 1956-இல், தூய காற்றுச் சட்டம் வந்தது. எங்களுக்கும் கணக்கு வேண்டும். மார்கழி, தையில் மோசமான காற்று அடித்த நாட்களில் எத்தனை பேர் மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள், அதில் எத்தனை பேர் குழந்தைகள் என்று எடுத்து ஊருக்குச் சொல்லுங்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் கொழும்பையும் கேட்கலாம், டெல்லியையும் கேட்கலாம்.

அதுவரை உடனே செய்யக்கூடியது ஒன்றிருக்கிறது. புயல் என்றால் கடலுக்குப் போக வேண்டாம் என்று கரையெல்லாம் ஒலிபெருக்கியில் சொல்கிறோம். ஆர் செத்தாலும் ஓட்டோவில் அறிவித்தல் போகிறது. காற்றை அளந்த எண் முதல்நாள் பின்னேரமே பிரதேச சபைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கோயிலுக்கும் வந்து, அதே ஒலிபெருக்கியில் "நாளைக்குக் காற்று சரியில்லை, ஆரும் குப்பை கொளுத்த வேண்டாம், தொய்வுக்காரர் விடிய வெளிக்கிட வேண்டாம்" என்று சொல்ல எவ்வளவு செலவாகும்?

குறிப்பாகக் கோயில்காரரிடம் சொல்கிறேன். திருவெம்பாவைப் பத்து நாளும் விடியப்புறம் பிள்ளைகள் சங்கும் சேமக்கலமுமாக ஒழுங்கை ஒழுங்கையாய்ப் போவது எனக்கும் உயிர். சிறுவயதில் நானும் அந்தக் கூட்டத்தோடு போனவள்தான். ஆனால் சங்கு ஊதுகிற பிள்ளை அடிவயிறு வரை மூச்சை இழுக்கிறது. அந்த நாளின் மிக மோசமான காற்றை, மிக ஆழமாக. காற்று கெட்ட நாட்களில் ஊர்வலத்தை நிறுத்திக் கோயில் மண்டபத்துக்குள்ளேயே பாட விடுங்கள். வெயில் ஏறிப் புகை கொஞ்சம் மேலெழும்பின பிறகு சங்கை ஊதினால் சிவன் கோவிக்கமாட்டார்.

இதையெல்லாம் எழுதிச் சம்பந்தப்பட்ட இடங்களுக்குக் கடிதமாகக் கொடுத்துவிட்டேன். இன்னும் ஓர் இடத்திலிருந்தும் பதில் இல்லை. மாமியும் அதில் கையெழுத்துப் போட்டிருக்கிறா, கிழமைக்கு இரண்டு தரம் குப்பை வண்டி வரவேணும் என்று தன் கையாலேயே கீழே ஒரு வரியும் எழுதி. மார்கழிக்கு முன்னம் இரண்டு பேருமாய் நேரே போகப்போகிறோம்.