பேசரி, பழங்காசு, தங்கம்: ஒரு கருவி போதுமா?

பெரியகுளத்துச் சகோதரி ஒருவர் எழுதியிருக்கிறார். தாண்டிக்குடிக்குப் பக்கத்தில் அவர்களுக்குக் கொஞ்சம் காப்பித் தோட்டம் உண்டாம். பழம் பறிக்கிற சமயத்தில், மாமியார் கொடுத்த தங்கப் பேசரி மூக்கிலிருந்து கழன்று செடிகளுக்கு நடுவே எங்கேயோ விழுந்துவிட்டது. அதைத் தேட 'மெட்டல் டிடெக்டர்' என்னும் கருவியை வாங்கலாம் என்கிறான், காலேஜில் படிக்கும் பிள்ளை. அத்தோடு விட்டானா? வாங்குவதுதான் வாங்குகிறோம், பழங்காசுகளும் தேடலாம், தோட்டத்துக்குப் பின்னால் மேட்டிலே இருக்கும் பழைய கல்வீடுகளுக்குள் என்ன இருக்கிறது என்றும் பார்க்கலாம், ஓடையில் தங்கம் கிடைத்தாலும் கிடைக்கும் என்று பட்டியலை நீட்டியிருக்கிறான். "எந்த மாதிரிக் கருவி வாங்குவது நல்லது?" என்று கேட்கிறார் அம்மாள்.

கேள்வி ஒன்றுதான். ஆனால் அதற்குள்ளே நாலு கேள்விகள் இருக்கின்றன. பேசரிக்கு ஏற்ற கருவி வேறு, காசுக்கு ஏற்றது வேறு, ஓடைத் தங்கத்துக்கு ஏற்றது வேறு. கல்வீட்டுக்கு ஏற்ற கருவி என்று ஒன்று கிடையவே கிடையாது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

முதலில் கருவி என்னவென்று பார்ப்போம். மதுரை மீனாட்சி அம்மன் கோயில் வாசலில் நம்மைச் சோதித்து அனுப்புகிறார்களே, அதே இனம்தான் இதுவும். நீளமான கைப்பிடி, அதன் நுனியில் தோசைக்கல் மாதிரி ஒரு வட்டத் தட்டு. தட்டுக்குள்ளே செப்புக் கம்பிச் சுருள். அதில் மின்சாரம் விநாடிக்குப் பல்லாயிரம் தடவை திசை மாறி ஓடும்போது, கீழே மண்ணில் கிடக்கும் உலோகத்திலும் ஒரு சின்ன மின்னோட்டம் உண்டாகிறது. அதன் எதிரொலியைக் கருவி பிடித்துக்கொண்டு 'பீப்' என்று கூவுகிறது. வெள்ளியும் செம்பும் ஒரு விதமாகப் பதில் சொல்லும். இரும்பு வேறு விதமாகச் சொல்லும். அதை வைத்து, 'இரும்பு என்றால் வாயைத் திறக்காதே' என்று கருவிக்குக் கட்டளை போடவும் வழி இருக்கிறது.

இது நேற்று முளைத்த யோசனையல்ல. 1881-ல் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டை ஒருவன் சுட்டுவிட்டான். உடம்புக்குள் குண்டு எங்கே தங்கியிருக்கிறது என்று டாக்டர்களுக்குப் புலப்படவில்லை. டெலிபோனைக் கண்டுபிடித்த கிரஹாம் பெல் இப்படிப்பட்ட ஒரு கருவியைச் செய்து எடுத்துக்கொண்டு ஓடினார். கருவி நல்ல கருவிதான். ஆனால் படுக்கையில் இருந்த இரும்பு ஸ்பிரிங்குகள் சோதனையைக் குழப்பிவிட்டன. குண்டும் அவர் தேடிய பக்கத்தில் இல்லை. ஜனாதிபதி அந்த செப்டம்பரில் காலமானார். பெல்லுக்கு ஸ்பிரிங் செய்த அதே வேலையை உங்களுக்கு மெட்டியும் கொலுசும் செய்யும். தட்டை வீசிக்கொண்டு நடக்கும்போது முதலில் அகப்படும் புதையல் உங்கள் கால் மெட்டியாகத்தான் இருக்கும்!

இப்போது கருவிகளை ஒப்பிட்டுப் பார்க்கலாம். செப்புக் காசு, வெள்ளி ரூபாய் ஆகியவற்றுக்கு, விநாடிக்கு 5,000 முதல் 15,000 தடவை வரை துடிக்கும் சாதாரணக் கருவியே போதும். ஒரு காசைப் பொதுவாக ஆறு முதல் எட்டு அங்குல ஆழத்துக்குள் கண்டுபிடிக்கும். "பத்தடி ஆழத்தில் ஒற்றைக் காசு" என்று விளம்பரம் சொன்னால் நம்பவேண்டாம். பேசரி சின்ன உருப்படி, அதுவும் தங்கம். அதற்கு 15,000-க்கு மேல் துடிப்பதாகவோ, ஒரே சமயத்தில் பல அலைகளை அனுப்புவதாகவோ இருந்தால் நல்லது. ஓடைத் தங்கம் தேடுகிறவர்கள் 45,000-க்கு மேலே போகிறார்கள். அரிசி மணி அளவுத் தங்கத்துக்குக்கூட அது கூவும், ஆனால் மேல் மண்ணில் இருந்தால் மட்டுந்தான். துடிப்பு முறைக் கருவி என்று இன்னொன்று உண்டு; விலை அதிகம், ஆழம் அதிகம், மண்ணின் குணத்தைச் சட்டை செய்யாது. ஆனால் ஆணிக்கும் அணிகலனுக்கும் அதனிடம் வித்தியாசம் குறைவு. புதிதாகக் கற்றுக்கொள்கிறவருக்கு அது வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

மண்ணின் குணம் என்றேனல்லவா? அதுதான் பழனி மலையில் பெரிய சங்கதி. அங்கே அடியில் இருப்பது 'சார்னோகைட்' என்னும் கரும்பாறை. அதில் காந்த இரும்புத் தாதுவும் கலந்திருக்கும். பாறை மக்கிய செம்மண்ணிலோ இரும்புச் சத்து ஏராளம். மலிவான கருவிகள் இந்த மண்ணையே உலோகம் என்று எண்ணி ஓயாமல் புலம்பும். ஆகையால் கடைக்காரரிடம், "மண்ணுக்குத் தகுந்தபடி சமன் செய்துகொள்ளும் வசதி இருக்கிறதா?" என்று கட்டாயம் கேளுங்கள். பளபளப்பான திரையும் பத்து வித ஓசையும் இல்லாவிட்டால் பாதகமில்லை. இது இல்லாவிட்டால் பணம் தண்டம்.

இன்னொரு தொந்தரவும் உண்டு. சன்னமான தங்கமும் வெள்ளிக் காகிதமும் கருவிக்கு ஏறக்குறைய ஒரே மாதிரிதான் கேட்கும். கோடைக்கானலோ சாக்லேட்டுக்குப் பெயர் போன ஊர்! ஏரிக்கரையில் மோதிரத்தைத் தொலைத்துவிட்டுத் தேடினால் அறுபது சாக்லேட் காகிதத்தைப் பொறுக்கிய பிறகுதான் மோதிரம் கிடைக்கும். 'காகிதத்துக்குக் கூவாதே' என்று கருவியின் வாயைக் கட்டினால் பேசரியும் சேர்ந்து தப்பிவிடும். தோட்டத்தில் அந்த உபத்திரவம் குறைவு. பழம் பறித்த வரிசைகளுக்குக் கயிறு கட்டி, தட்டைத் தரையோடு ஒட்டினாற்போல் மெதுவாக, ஒரு வீச்சின்மேல் அடுத்த வீச்சு பாதி படியும்படி தேடவேண்டும். பெரிய தட்டு ஆழம் பார்க்கும். சின்னப் பொருளைத் தவறவிடும். பேசரிக்குச் சின்னத் தட்டே உத்தமம்.

ஓடைத் தங்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1880-களில் நீலகிரிக்குப் பக்கம் தேவாலா, பந்தலூர்ப் பகுதியில் தங்கம் தங்கம் என்று ஒரே பரபரப்பாகி, லண்டனில் கம்பெனிகள் கிளம்பி, போட்ட பணமெல்லாம் பாழாய்ப் போயிற்று. பழனி மலைக்கு அந்தப் பேர்கூட வந்ததில்லை. அதற்காகத் தனிக் கருவி வாங்குவது வீண்.

அதைவிட மோசம், 'ஒரு மைல் தூரத்திலிருந்தே புதையலைக் காட்டும்' என்று சொல்லி விற்கும் ஆன்டெனாக் குச்சிகள். அந்தக் காலத்தில் வெற்றிலையில் மை தடவிப் பார்த்தார்கள். இப்போது அதற்கு ஒரு பிளாஸ்டிக் பிடி போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். கோல்ஃப் பந்து தேடும் விளையாட்டுச் சாமானை வெடிகுண்டு காட்டும் கருவி என்று இராக் வரைக்கும் விற்றுப் பணம் குவித்த ஓர் ஆசாமிக்கு, 2013-ல் லண்டன் கோர்ட்டு பத்து வருஷச் சிறைத் தண்டனை கொடுத்தது.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். தோட்டத்துக்குப் பின்னால் இருப்பதாகப் பிள்ளை சொல்கிறானே அந்தக் கல்வீடுகள், அவை கல்திட்டைகள். நம் ஜனங்கள் பாண்டவர் குழி என்றும் சொல்வார்கள். மலை முழுவதும், தாண்டிக்குடியிலும் பெருமாள் மலைப் பக்கத்திலும், சிதறிக் கிடக்கும் ஈமச் சின்னங்கள் அவை. செண்பகனூர்ச் சேசு சபையைச் சேர்ந்த பிரெஞ்சுப் பாதிரியார் ஆங்கிலேட் என்பவர் நியூட்டன் பாதிரியாரோடு சேர்ந்து இவற்றை ஆராய்ந்தார். 1928-ல் இந்தியத் தொல்லியல் துறை அதைப் புத்தகமாக வெளியிட்டது. செண்பகனூர்க் காட்சிசாலைக்குப் போயிருப்பவர்களுக்கு இந்தச் சங்கதி புதிதல்ல.

அங்கே கருவியைக் கொண்டுபோனால் என்ன? கூவும், கூவாமல் இருக்காது. ஈமக் குழிகளில் இரும்பு வாளும் அம்பு முனையும் வைப்பது அந்தக் கால வழக்கம். அதனால்தான் சொல்கிறேன், கொண்டு போகவேண்டாம் என்று.

மலையடிவாரத்தில், பழனிக்குத் தென்மேற்கே பொருந்தல் என்று ஓர் ஊர். 2009, 2010-ம் ஆண்டுகளில் புதுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா. ராஜன் அங்கே ஈமக் குழிகளைத் தோண்டி ஆராய்ந்தார். ஒரு குழியில் நாலு கால் ஜாடி. அதற்குள்ளே சுமார் இரண்டு கிலோ நெல்! அதே குழியில் ஒரு பிரிமணை, நம் வீட்டில் பானை கவிழாமல் வைக்கிறோமே அதே பிரிமணை, மண்ணால் செய்தது. அதன்மேல் தமிழ்ப் பிராமி எழுத்தில் 'வய்ர' என்ற சொல். ஆயிரக்கணக்கில் கல்மணிகள் வேறு. நெல்லை அமெரிக்காவுக்கு அனுப்பிச் சோதித்ததில் வயது கி.மு. 490 என்று வந்தது. நெல்லும் எழுத்தும் ஒரே குழியில் இருந்தபடியால், நம் எழுத்து அசோகச் சக்கரவர்த்திக்கும் முந்தியது என்று ராஜன் வாதிக்கிறார். எல்லா அறிஞர்களும் இதை ஒப்புக்கொண்டுவிடவில்லை. ஆனால் ஒப்பாதவர்களும் அந்த நெல்லைத் தள்ளிவிட்டுப் பேச முடியவில்லை.

நெல்லுக்குக் கருவி கூவுமா? பிரிமணைக்குக் கூவுமா? மணிக்குத்தான் கூவுமா? வாளுக்கு மட்டும் கூவியிருக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டு யாராவது மண்வெட்டியைப் போட்டிருந்தால் துருப்பிடித்த ஒரு வாள் கையில் இருக்கும். நெல் மண்ணோடு மண்ணாகியிருக்கும். பிரிமணை ஒரு உடைந்த ஓடு. அதே வட்டாரத்தில், பழனியை அடுத்த கலையம்புத்தூரில், 1856-ல் 63 ரோமானியத் தங்கக் காசுகள் அகப்பட்டன. காசுகளின் கணக்கு இருக்கிறது. அவற்றைச் சுற்றியிருந்த மண்ணைப் படிக்க அந்தக் காலத்தில் ஆள் இல்லை. தங்கம் சொன்னதைவிட நெல் அதிகம் சொல்லிவிட்டது, பாருங்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1878-ம் வருஷத்துப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால், கண்டெடுத்தவர் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஒரு வருஷம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டுமே. உங்கள் சொந்தத் தோட்டமாக இருந்தாலும் இதே கதிதான். பாதுகாக்கப்பட்ட சின்னங்களில் அனுமதியில்லாமல் தோண்டுவது தனிக் குற்றம். மலைக்காட்டில் பெரும்பகுதி 2013 முதல் வனவிலங்குச் சரணாலயம். அங்கே கருவியும் மண்வெட்டியுமாக நுழைந்தால் வனத்துறையார் காப்பி கொடுத்து உபசரிக்கமாட்டார்கள். ஆனால் கண்டெடுத்ததை ஒழுங்காகத் தெரிவித்தவருக்குச் சட்டத்தில் பங்கும் உண்டு.

ஒழுங்காகத் தெரிவித்தால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தில் ஓர் உதாரணம் இருக்கிறது. 1992 நவம்பரில், ஹாக்ஸன் என்ற கிராமத்தில் ஒரு குடியானவர் வயலில் தம் சுத்தியலைத் தொலைத்துவிட்டார். எரிக் லாஸ் என்ற நண்பர் கருவியோடு வந்து தேடினார். சுத்தியலுக்குப் பதில் வெள்ளிக் கரண்டிகளும் பொற்காசுகளும் வந்தன. கொஞ்சம் எடுத்ததும் தோண்டுவதை நிறுத்தி, அதிகாரிகளுக்குச் சொல்லிவிட்டார். மறுநாளே ஆராய்ச்சியாளர்கள் வந்து மிச்சத்தை மண்ணோடு மண்ணாகப் பார்த்துப் பார்த்து எடுத்தார்கள். சுமார் 15,000 ரோமானியக் காசுகள்! அவை இருந்த மரப்பெட்டி மக்கிப்போயிருந்தும், எந்தச் சாமானை எதன்மேல் அடுக்கி வைத்தார்கள் என்பதுகூடத் தெரிந்தது. பரிசுத் தொகை 17½ லட்சம் பவுன். அதை நண்பர் குடியானவரோடு பங்கிட்டுக்கொண்டார். சுத்தியலும் பிறகு அகப்பட்டது. புதையலோடு சேர்ந்து அதுவும் இப்போது லண்டன் பிரிட்டிஷ் மியூஸியத்தில் இருக்கிறது.